எஸ்தர் திருப்பிக் கொடுத்த புத்தகம்

எங்கள் பள்ளியில் எனக்குப் பிறகு வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, முதல் நாளே உங்கள் கையில் ஒரு சாவிக் கொத்தைக் கொடுத்திருப்பார்கள். வாசல் கேட், மோட்டார் அறை, கழிப்பறை, ஆய்வகம், நூலகம் என்று ஒவ்வொரு சாவியிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். ஒன்றில் மட்டும் எதுவும் இருக்காது. சின்னப் பித்தளைச் சாவி. ஆபீசில் கேட்டால் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாலாவது வரை போனவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுத நேரம் பிடிக்கும். இதிலுள்ள பிழைகளைத் தமிழ் டீச்சர், எங்கள் தமிழம்மா, திருத்தித் தந்தார். வார்த்தைகளில் கை வைக்கவில்லை. உங்களில் சிலர் டிகிரி முடித்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். டிகிரி முடித்துவிட்டுக் காண்ட்ராக்டில் பெருக்க வந்திருக்கிறீர்கள், அந்த வருத்தம் உங்களுக்கு இருக்கும். ஆனால் படித்தவள் செய்யும் தப்பும் படிக்காதவள் செய்யும் தப்பும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. நமக்கு ஒரு வேலை நன்றாகத் தெரியும். அது எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் என்று நினைத்துக்கொள்கிறோம். நான் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்குத் தெரிந்தது தோல். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ரகம் பிரிக்கும் மேசையில் நின்றவள் நான். பெண்களை அங்கே நிற்க விடமாட்டார்கள். தோலை உலர்த்துவது, ஓரம் வெட்டுவது, கழிவு அள்ளுவது, இவைதான் எங்களுக்கு. மேஸ்திரி ஒரு நாள் என் கை வேலையைப் பார்த்துவிட்டு மேசைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஒரு தரம் ஓட்டினால் போதும். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, கத்தி ஆழமாக இறங்கிய இடம், எல்லாவற்றையும் கை சொல்லிவிடும். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை பார்ப்பேன். சுத்தமானது இந்தப் பக்கம், கறையும் கீறலும் அந்தப் பக்கம். "அவ கை வச்சா மறுபேச்சு இல்ல" என்று மேஸ்திரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. கம்பெனியை மூடிய பிறகு பள்ளிக்கு வந்தபோது அந்தத் தலையையும் அந்தக் கையையும் கொண்டுதான் வந்தேன்.

பள்ளியில் நூலகத்துக்கென்று தனி ஆள் கிடையாது. தமிழம்மா பொறுப்பு, துடைப்பதும் அடுக்குவதும் நான். அந்த அறையில் இரண்டு அலமாரிகள்.

ஒன்று கண்ணாடி அலமாரி. ஒரு தோல் முதலாளி தன் தகப்பனார் நினைவாக வாங்கிக் கொடுத்தது. உள்ளே பழைய இலக்கியங்கள் முழு வரிசையாக, ஒரே உயரம், ஒரே நிறம், முதுகில் தங்க எழுத்து. அதைத் திறந்து வைக்க ஒரு விழா நடந்தது. மேடையில் ஏறியவர்கள் எல்லாரும் நம் மொழி எவ்வளவு பழையது என்று கைதட்டல் வாங்கினார்கள். விழா முடிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்.

"யார் கேட்டாலும் திறக்காதீங்க. பசங்க கை பட்டா அழுக்காயிடும்."

அவ்வளவுதான் அந்தப் புத்தகங்களின் கதை. வாரத்துக்கு ஒரு தரம் கண்ணாடியைத் துடைப்பேன். உள்ளே தூசி போக வழியில்லை. பிள்ளைகளுக்கும் இல்லை.

இன்னொன்று ஜன்னலோரம் இருந்த மர அலமாரி. தமிழம்மா அங்கேயும் இங்கேயும் கேட்டு வாங்கிச் சேர்த்த பழம்புத்தகங்கள். அந்த அலமாரிக்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேறெந்தப் பள்ளியிலும் நான் கேள்விப்படாத வழக்கம். "பாட்டுல ஒரு வார்த்தை புரியாம இருந்து, அப்புறம் புரிஞ்சுதுன்னா, ஓரத்துல பென்சிலால எழுதிட்டுப் போங்கடி. அடுத்து வர்றவளுக்கு ஆவும்" என்பார். பிள்ளைகள் வருசா வருசம் எழுதிவிட்டுப் போனார்கள். அர்த்தம் மட்டுமா எழுதுவார்கள்? ஒரு பாட்டின் பக்கத்தில் எவளோ எழுதி வைத்திருந்தாள்: "இது பரீட்சைக்கு வராது. இருந்தாலும் படி."

வகுப்பில் அந்தப் பாட்டுகள் பிழைத்த விதம் வேறு. வராந்தா பெருக்கும்போது காதில் விழும். மனப்பாடப் பகுதி என்று கட்டம் கட்டியதை மட்டும் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். தமிழம்மா நிறுத்தி, "யார் யாரைப் பார்த்துச் சொல்றா?" என்று கேட்டால் வகுப்பு விழிக்கும். அவர் விளக்க ஆரம்பித்தால் கணக்கு டீச்சர் கதவோரம் வந்து நிற்பார். "இந்த பீரியடை எனக்குக் குடுத்துடுங்களேன், போர்ஷன் முடியல." தமிழம்மா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே வருவார். அவர் முகத்தை நான் பார்க்காதது போலப் பெருக்கிக்கொண்டே போவேன். மேடையில் கைதட்டல் வாங்கிய மொழிக்கு வகுப்பில் ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. இதற்கு யார் பொறுப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. என் பொறுப்பைச் சொல்லவே வந்தேன்.

எஸ்தர் பன்னிரண்டாவது படித்தாள். அம்மா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்போம், தைத்துக் கொடுப்பவள். அப்பா இல்லை. இந்தப் பெண் மட்டும் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்துவிடுவாள். மர அலமாரியில் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, அதையே வருசம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதிவு போட்டு வைத்திருந்தாள். ஷூ அளவு வெட்டும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருப்பாள். நான் ஒரு பக்கம் சோறு தின்பேன், அவள் ஒரு பக்கம் படிப்பாள்.

ஒரு நாள் கேட்டேன். "இன்னா பாப்பா, யாரு யாருக்குச் சொல்றது அது?"

"ஒரு பொண்ணு, தோழி கிட்ட சொல்றா ஆயாம்மா. அவ புருசன் பொருள் தேடப் போய்ட்டான். இன்ன காலத்துல வர்றேன்னு சொல்லிட்டுப் போனான். காலம் வந்துடுச்சு, ஆள் வரல."

"எந்த ஊருக்குப் போனானாம்?"

"ஊர் பேர்லாம் இல்ல. காட்டைத் தாண்டி."

"எங்க ஊட்டுக்காரரு ஜோலார்பேட்டையில ரயிலேறிப் போனாரு. அவரும் காலம் சொல்லிட்டுதான் போனாரு."

"வந்தாரா?"

"வந்தாரு. வராமலே இருந்திருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சோறு புரையேறியது. "இதைத் தமிழம்மா கேட்டா பாட்டுக்குப் புது உரை எழுதிடுவாங்க" என்றாள்.

அன்றிலிருந்து தினம் ஒரு பாட்டு படித்துக் காட்டுவாள். நான் தூங்குவது போல உட்கார்ந்திருப்பேன், ஒன்றையும் விடமாட்டேன். ஒரு பாட்டில், மழை விட்ட நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது. உரையில் போட்டிருந்த அர்த்தம் அவளுக்குப் பொருந்தவில்லை. எங்கள் அம்மா ஏர் ஓட்டும் நாளில் தினமும் வாயில் வைத்திருந்த வார்த்தை அது. உழுதால் மண் கட்டியாகாமல் பொலபொலவென்று உதிரும் ஈரம், அதற்கு நாங்கள் சொல்வது. சொன்னேன். எஸ்தர் அசையாமல் என்னைப் பார்த்தாள். பிறகு பென்சில் எடுத்து ஓரத்தில் எழுதி, கீழே இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தாள்.

"இன்னா எழுதன?"

"'ஆயாம்மா சொன்னது'ன்னு எழுதனேன்."

அந்த ஒரு வருசம் நான் எவ்வளவு திமிரோடு அந்த அறையைத் துடைத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது.

அவள் மேலே தமிழ் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "தமிழ் படிச்சி இன்னா செய்யப் போற? பேசத்தான் தெரியுமே" என்பாளாம். "மார்க்கு எடு, அப்புறம் பார்க்கலாம்" என்று கடைசியில் இறங்கி வந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருந்தது அந்த ஒரு வாய்ப்புதான்.

பொதுத்தேர்வு முடிந்த சமயம். தமிழம்மா விடைத்தாள் திருத்த வேலூர் போயிருந்தார். ஒரு காலையில் தலைமையாசிரியை நூலகத்துக்கு வந்து நின்றார். ஒரு ஷூ கம்பெனி அந்த அறையைக் கம்ப்யூட்டர் அறையாக்கித் தரப் போகிறதாம். மறுநாள் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்களோடு பார்க்க வருகிறார்களாம்.

"இந்தக் கிழிசல் எல்லாம் இப்படியே இருந்தா நல்லாவா இருக்கும்? இன்னைக்கே பிரிச்சிடுங்க. நல்லது கண்ணாடி அலமாரி பக்கத்துல, கிழிஞ்சது கழிவுக்கு. சாயங்காலம் வண்டி வரும்."

"தமிழம்மா வரட்டுமேம்மா" என்றேன். அதைச் சொன்னேன் என்பதை மட்டும் எனக்காகப் பதிவு செய்துகொள்கிறேன்.

"அவங்க வர நாலு நாள் ஆகும். தோலே பிரிச்ச கை உங்களுது. புக்கு பிரிக்க மாட்டீங்களா?"

அங்கேதான் விழுந்தேன். அவர் மிரட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். புகழ்ந்துவிட்டார்.

மேசையில் உட்கார்ந்தேன். புத்தகத்தை எடுப்பேன், உள்ளங்கையை ஓட்டுவேன், வெளிச்சத்தில் பிடிப்பேன். கறை, மடிப்பு, கிறுக்கல், முதுகு பிய்ந்தது எல்லாம் அந்தப் பக்கம். யாரும் தொடாமல் மொடமொடவென்று இருப்பது இந்தப் பக்கம். தலைப்புகளை எழுத்துக் கூட்டிப் பார்க்க நேரமில்லை. இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். கைதான் பார்த்துக்கொண்டிருந்ததே.

நடுவில் பிள்ளைகள் தங்கள் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். எஸ்தரும் வந்தாள். திருப்பிக் கொடுக்கும்போது சொந்த அட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. கழற்றித்தான் கொண்டுவந்தாள்.

"ஆயாம்மா, நோட்டுல வரவு போடணும்."

"தமிழம்மா வந்ததும் போட்டுக்கலாம். மேசை மேல வச்சிட்டுப் போ, எனக்கு வேலை தலைக்கு மேல கெடக்குது."

வைத்தாள். போகும்போது திரும்பி, "இன்னைக்கு ஒண்ணும் படிக்கல ஆயாம்மா" என்றாள். நான் நிமிரவில்லை.

மேசை மேல் இருந்த குவியலையும் அதே கையால் பிரித்தேன். ஒரு புத்தகம் முதுகு இல்லாமல், எண்ணெய்க் கறையோடு, ஷூ ஒட்டும் சொல்யூஷன் காய்ந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, ஓரம் முழுக்கக் கிறுக்கலாக வந்தது. அந்தப் பழுப்பு அட்டை இல்லாமல் அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என் கை அதன் மேல் ஓடி, ஒரு கணம்கூட நிற்காமல், அந்தப் பக்கம் போட்டது.

மறுநாள் வந்தவர்கள் அறையைப் பார்த்து மகிழ்ந்தார்கள். கண்ணாடி அலமாரி முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். தலைமையாசிரியை என்னைக் காட்டி, "எல்லாம் இவங்க ஒரே நாள்ல பண்ணது" என்றார். வெள்ளைக்காரர் ஒருவர் எனக்குக் கும்பிடு போட்டார். நாலு நாள் கழித்து வந்த தமிழம்மா காலியான மர அலமாரியைப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க எடுத்துட்டுப் போனதாவது மிஞ்சுமே" என்று மட்டும் சொன்னார்.

ரிசல்ட் வந்தது. எஸ்தர் தமிழில் பள்ளிக்கே முதலாவதாக வந்தாள். டிசி வாங்க அம்மாவோடு வெள்ளிக்கிழமை வந்தாள். திங்கட்கிழமை வேலூரில் கல்லூரி சேர்க்கை. அசல் சான்றிதழ் கையில் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆபீசில் தலைமையாசிரியை, கிளார்க், தமிழம்மா, நான் இருந்தோம். கிளார்க் நூலக நோட்டைப் புரட்டிவிட்டு, எஸ்தர் பேரில் ஒரு புத்தகம் வரவில்லை என்றார்.

"குடுத்துட்டேன் சார். மேசை மேல வச்சேன்."

தமிழம்மா என் பக்கம் திரும்பினார். "பச்சை அட்டை. முதுகு கிழிஞ்சிருக்கும். ஓரம் பூரா பென்சில் எழுத்து. எஸ்தர் எப்பவும் வச்சிருப்பாளே, அது. பார்த்தீங்களா?"

நான் எஸ்தரைப் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. தமிழம்மா சொல்லி முடித்ததும் என் உள்ளங்கையில் அந்தக் காய்ந்த சொல்யூஷனின் சொரசொரப்பு வந்து நின்றது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வார்த்தை. 'நான்தான் கழிவுல போட்டுட்டேன்.' வேலை போயிருக்காது. திட்டுகூட விழுந்திருக்காது. ஆனால் அந்த அறையில் எல்லாரும் என் கையைப் புகழ்ந்தவர்கள். படிப்பில்லாதவள் என்று அங்கே ஒருத்தரும் என்னைச் சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதில்லை. இன்றைக்கு வாயைத் திறந்தால், 'எழுத்து தெரியாதவ கிட்ட புக்கைக் குடுத்தா இப்படித்தான்' என்று ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன்.

"நெறைய பேரு வச்சாங்கம்மா. எது யாருதுன்னு எனக்கு இன்னா தெரியும்" என்றேன்.

அதில் பொய் இல்லை பாருங்கள். அவ்வளவு சாமர்த்தியமாகச் சொன்னேன்.

தமிழம்மா என்னை மறுபடி கேட்கவில்லை. தலைமையாசிரியை பக்கம் திரும்பி, "அதே நூல் கண்ணாடி அலமாரியில புதுசா இருக்கும்மா. நூலகத்துக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல" என்றார்.

"அது நன்கொடை, வேற வரிசை. புக் வரணும், இல்லன்னா தொலைச்சிட்டேன்னு பொண்ணு எழுதிக் குடுக்கணும். ஒரு வரிதானே. எழுதிட்டு டிசி வாங்கினு போகட்டும்."

"எழுதிக் குடுத்துடுடி" என்றாள் அம்மா. "ஒரு வரிக்கு இன்னா பேஜார் இது."

"தொலைக்காததைத் தொலைச்சேன்னு எப்படிம்மா எழுதறது?"

"உலகத்துல நீ ஒருத்திதான் உண்மை பேசறவளா?"

எஸ்தர் அம்மா பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவை விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் நான் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கையை விரித்தார். "ஸ்கூல் புக்கா? ஷூ பேக்கிங் யூனிட்டுக்குப் போட்டுட்டேனே ஆயா. சாக்கு சாக்கா வாங்கினு போனாங்க."

பைபாஸ் ஓரம் ஒரு தகரக் கொட்டகை அந்த யூனிட். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஷூவின் முன்பக்கம் அமுங்காமல் இருக்கக் காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்கி உள்ளே திணிக்க வேண்டும். புத்தகம் புத்தகமாக எடுத்து, தாளைக் கிழித்து, கசக்கி, திணித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வேகம். வேலை தெரிந்த கைகள்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சி, மிச்சமிருந்த ஒரு சாக்கைக் கொட்டினேன். அதில் இல்லை. ஓரத்தில் அடுக்கியிருந்த பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொரு ஷூவாக உருண்டையை வெளியே எடுத்துப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

"இன்னா ஆயா, பத்திரம் கித்திரம் தொலைச்சிட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"லவ் லெட்டரா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆமா, அதான்" என்றேன்.

பொழுது சாய்வதற்குள் ஒரு பிடித் தாள்கள் கிடைத்தன. பென்சில் எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மற்றதெல்லாம் எப்போதோ கடைகளுக்குப் போய்விட்டது. 'பரீட்சைக்கு வராது' என்று எழுதியிருந்த தாள் கிடைத்தது. என் வார்த்தை எழுதியிருந்த தாள் கிடைக்கவில்லை. அது எந்த ஊர் ஷூவுக்குள் போனதோ.

இப்போதாவது சொன்னேனா என்றால் இல்லை. தாள்களை நீவி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிறு முழுக்க, எஸ்தர் வீட்டுக்குப் போகலாம், தமிழம்மா வீட்டுக்குப் போகலாம் என்று யோசித்தபடி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். முழுப் புத்தகமாகக் கிடைத்திருந்தால் எங்கேயோ அலமாரிக்குப் பின்னால் இருந்தது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். கசங்கிய தாள்களைக் காட்டினால் என்னைத்தான் காட்டிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை எஸ்தர் வரவில்லை, தொலைத்ததாக எழுதிய கடுதாசியும் வரவில்லை. சேர்க்கை நாள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியை அறைக்குப் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாள்களை ஒரு தரம் பார்த்தார். கோபப்படவில்லை.

"ஏம்மா, வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம் இல்ல? சரி, இப்ப கிளறாதீங்க. கழிவுப் பட்டியல் கையெழுத்தாகி நிர்வாகத்துக்குப் போயிடுச்சு. பட்டியல்ல இல்லாத புக்கு எப்படிப் போச்சுன்னு கேட்பாங்க. அவங்க அம்மாவைக் கூப்பிட்டுத் தொலைஞ்சதா எழுதி வாங்கிக்கறேன். நீங்க சொன்னதா இருக்க வேணாம்."

அம்மா வந்து கையெழுத்துப் போட்டாள். கிளார்க் நோட்டில் எஸ்தர் பேருக்கு நேரே சிவப்பு மையில் ஏதோ எழுதினார். பிறகு தனியாக எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். "மாணவி தொலைத்துவிட்டார்." எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை வெள்ளிக்கிழமை நான் கொடுத்திருக்கலாம்.

கல்லூரியில் தமிழுக்கு இருந்த இடமெல்லாம் நிறைந்துவிட்டது. அடுத்த வருசம் பார்க்கலாம் என்றாள் அம்மா. அதுவரை சும்மா இருப்பானேன் என்று ஷூ கம்பெனிக்கு அனுப்பினாள். அடுத்த வருசம் என்பது வரவில்லை. உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் அது வந்திருக்காது.

எஸ்தர் ஒரு நாள் டிசி வாங்கப் பள்ளிக்கு வந்தாள். நூலகத்தில் கம்ப்யூட்டர் மேசைகள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் அவளை நிறுத்தி, தாள்களைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும் ஆயாம்மா" என்றாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அன்னைக்கு ஆபீஸ்ல தமிழம்மா கேட்டப்ப உங்க கை மேசையைத் தடவிக்கினே இருந்துச்சு. வாய்தான் வேற சொல்லுச்சு."

"அப்பவே நீ சொல்லியிருக்கலாமே பாப்பா."

"நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன். திங்கக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். அதுக்குள்ள சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அந்த மழைப் பாட்டு இல்ல" என்றாள். எல்லாவற்றையும் அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வச்சிக்கோ பாப்பா. உனக்காகத் தேடனது."

"எனக்கு எதுக்கு? எனக்கு மனப்பாடம். நீங்கதான் மறந்துடுவீங்க, நீங்களே வச்சிக்குங்க."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். இப்போது அவள் ஒரு பெரிய கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் பால் வாங்கப் போகும் நேரமும் அதுதான். பார்த்தால் தலையசைப்பாள். அதற்கு மேல் இல்லை. அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

உங்களுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். ஒரு வேலையை உங்கள் கையில் கொடுத்து யாராவது புகழ்ந்தால், அந்த இடத்திலேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்களுக்குத் தெரியாததைச் செய்ய வைக்கத்தான் பெரும்பாலும் புகழ்கிறார்கள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டியதைச் செவ்வாய்க்கிழமை சொன்னால் அதனால் யாருக்கும் பிரயோசனம் இல்லை, சொன்னவளுக்குத் தூக்கம் வருவதைத் தவிர. எனக்கு அதுவும் வரவில்லை. இன்னொன்று: தோலில் கறை என்றால் குறை. புத்தகத்தில் கறை என்றால் யாரோ அதை வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறாள். இது தெரிய எனக்கு ஒரு பெண்ணின் படிப்பு செலவானது.

இனி அந்தப் பித்தளைச் சாவி. நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போடுவதற்கு முன் மதிய இடைவேளையில் தனியாக அந்த அறைக்குப் போனேன். கம்ப்யூட்டர்களுக்கு உறை போட்டிருந்தது. பாதி ஓடவில்லை. கண்ணாடி அலமாரி அதே இடத்தில் இருந்தது. திறந்தேன். தங்க எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி, எஸ்தரின் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். விரித்தபோது அட்டை முதல் தடவையாக முறிந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. என்னிடமிருந்த தாள்களை அதற்குள் வைத்தேன். முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். அதை எழுத இடைவேளை முழுக்க ஆனது.

"எஸ்தர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். வாங்கியது நான்."

கீழே, ஆயாம்மா என்று போட்டேன்.

பூட்டிவிட்டுச் சாவியைக் கொத்தில் கோத்தேன். இதுவரை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. பூட்டு இறுகியிருக்கும், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிள்ளை எவளாவது வந்து கேட்டால், யார் என்ன சொன்னாலும் திறந்து கொடுங்கள். பென்சிலும் சேர்த்துக் கொடுங்கள். கை பட்டு அழுக்காகட்டும்.